முனகியது யார்

அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளை எல்லோரும் காது என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தது முதலாளி. பக்கத்து அறையில் யாராவது பேனா மூடியைத் திறந்தால்கூட, "யாரது?" என்று தலையைத் தூக்குகிற ரகம் அவள். பிழைப்பு என்னவோ பொய்ச் சத்தம் செய்வது. எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்தால் மழை. பழைய தோல் பையை முறுக்கினால் குதிரைச் சேணம். சோளமாவுப் பையை அமுக்கினால் பனியில் நடக்கிற கால். இத்தனை வருடத்தில் அவள் செய்த எந்தப் பொய்யையும் யாரும் கண்டுபிடித்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

குழந்தைகளுக்கான அறிவியல் கூடம் ஒன்றிலிருந்து ஒரு வேலை வந்தது. சுவர் முழுக்க விலங்குப் படங்கள், ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு பொத்தான், அமுக்கினால் அந்த விலங்கின் குரல். சிங்கம், யானை, ஆந்தை, கழுதைப்புலி எல்லாம் சுலபமாகக் கிடைத்துவிட்டன. மிச்சம் நின்றது ஒட்டகச்சிவிங்கி.

"கன்னுக்குட்டி கத்துறதைக் கொஞ்சம் இழுத்து, அடித்தொண்டைக்கு இறக்கிப் போட்டு முடிச்சிடு" என்றார் முதலாளி. "எந்தப் புள்ள போய் ஒட்டகச்சிவிங்கிகிட்ட கேட்டு சரிபாக்கப் போகுது?"

அவளும் சரி என்று உட்கார்ந்தாள். கன்றுக்குட்டியை இழுத்தாள், இறக்கினாள், ஏற்றினாள். எதுவும் பிடிபடவில்லை. மழை எப்படி இருக்கும் என்று தெரிந்ததால்தான் எண்ணெய்ச் சட்டியை மழையாக்க முடிந்தது. இது எப்படி இருக்கும் என்றே தெரியாமல் எதைப் போல் செய்வது? அவ்வளவு உயரமான ஒரு பிராணியைப் பள்ளிக்கூடப் புத்தகத்திலிருந்து இன்றுவரை எத்தனை முறை பார்த்திருப்பாள்! அது வாயைத் திறந்தால் என்ன வரும் என்று ஒருநாள்கூடத் தோன்றவில்லையே என்பது அவளுக்கே அதிசயமாக இருந்தது.

வீட்டில் கேட்டாள். பேருந்து ஓட்டுகிற கணவன் சாப்பிட்டுக்கொண்டே, "அது கத்தாது" என்றான்.

"எப்படித் தெரியும்?"

"கத்தினா கேட்டிருப்போமே."

மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிற நாத்தனாருக்குப் போன் போட்டாள். "அது ஊமை அண்ணி, நான் பிள்ளைங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுக்கிறேன்" என்றாள் அவள். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஊமைதானே?" என்று திருப்பிக் கேட்டாள்.

மறுநாள் காது மைக்கையும் ரெக்கார்டரையும் தூக்கிக்கொண்டு விலங்குக் காட்சிசாலைக்குப் போய்விட்டாள்.

அங்கே ஒட்டகச்சிவிங்கிகளைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஏணி என்று பெயர். தீவனக் கூடையை உயரத்தில் கட்டுவதற்காக எப்போதும் தோளில் ஓர் ஏணியோடு அலைவார். ஏணி இல்லாமல் அவரைப் பார்த்தால் சொந்தக்காரர்களுக்கே அடையாளம் தெரியாது என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அவரிடம் நான்கு உருப்படிகள் இருந்தன. ஒரு ஆண், இரண்டு பெண், போன பருவத்தில் பிறந்த ஒரு குட்டி.

"பேர் வச்சவனே குழம்பியிருக்கான் பாருங்க மேடம்" என்றார் ஏணி. "ஒட்டகமும் இல்ல, சிவிங்கிப்புலியும் இல்ல. இதுகிட்டப் போய்க் குரலைக் கேக்குறீங்க."

"நீங்க கேட்டதே இல்லையா?"

"தும்மும். மூக்கால ஊதும். கோபம் வந்தா சீறும். குட்டி எப்பவாவது 'மே'ன்னு ஒரு இழுப்பு இழுக்கும், அதுவும் நிச்சயமில்ல. பெரியவங்க மூணு பேரும் வாயைத் தெறந்து நான் பாத்தது திங்கிறதுக்கு மட்டும்தான்."

அன்று பகல் முழுவதும் அவள் கொட்டகைக் கம்பியோரம் உட்கார்ந்து கேட்டாள். கேட்டதெல்லாம் வேறு. கருநீல நாக்கு இரும்புக் கம்பியை நக்குகிற சொரசொரப்பு. இலையை உருவும்போது கிளை படபடப்பது. அசைபோட்டு முடித்த ஒரு கவளம் கழுத்துக்குள் இறங்குவதும், கொஞ்ச நேரம் கழித்து அடுத்த கவளம் அடியிலிருந்து மேலே ஏறுவதும் கண்ணுக்கே தெரிந்தது. தோலுக்கு அடியில் ஒரு பந்து மின்தூக்கியில் போவதுபோல ஏறியது. அவள் மைக்கை நீட்டினாள். அந்தப் பயணத்துக்கும் சத்தம் இல்லை. ஆண் நடந்தபோது ஒரு பக்கத்து இரண்டு காலும் சேர்ந்தே எழுந்தன, பிறகு மறுபக்கத்து இரண்டும். அத்தனை கனமான உடம்பு மணலில் பஞ்சுபோல நடந்தது.

மருத்துவர் ஊசி போட வந்தபோது அவரையும் பிடித்துக்கொண்டாள்.

"குரல்வளை இருக்கு, நானே அறுத்துப் பாத்திருக்கேன்" என்றார் டாக்டரம்மா. "அதுக்குப் போற நரம்பு இருக்கே, அதுதான் வேடிக்கை. மூளைலேருந்து கிளம்பி, பக்கத்துலயே இருக்கிற தொண்டைக்கு நேராப் போகாம, கழுத்து முழுக்க இறங்கி நெஞ்சுக்குப் போய், அங்க ஒரு ரத்தக்குழாயைச் சுத்திட்டு, மறுபடி கழுத்து முழுக்க ஏறித் தொண்டைக்கு வருது."

"அவ்வளவு தூரம் சுத்தி வந்து என்ன செய்யுது?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்" என்று பையை மூடிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் கிளம்பும்போது ஏணி ஒரு யோசனை சொன்னார். ரெக்கார்டரைக் கொட்டகைக்குள் மாட்டிவிட்டுப் போங்கள், ராத்திரி என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்றார். அவள் மாட்டிவிட்டுப் போனாள்.

காலையில் தீவன அறையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓட்டிப் பார்த்தாள். அசைபோடுதல், பெருமூச்சு, மணலில் கால். பாதிக்கு மேல் ஓடிய பிறகு சட்டென்று அவள் கை நின்றது. திரும்ப ஓட்டினாள். மிகத் தாழ்ந்த ஒரு முனகல். தூரத்தில் யாரோ வாயை மூடிக்கொண்டு ஒரே சுரத்தைப் பிடித்து நிற்பதுபோல, நீளமாக, மெதுவாக ஏறி இறங்கியது. எழுந்து ஏணியைத் தேடி ஓடினாள்.

ஏணியின் காதில் ஹெட்போனை வைத்தாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "காத்தாடி" என்றார்.

"எந்தக் காத்தாடி?"

"மேல சுத்துதே, வெக்கையை வெளிய தள்ளுறது. அது கிழவன் மாதிரி இப்படித்தான் முனகும்."

அவளுக்குக் காற்றுப்போன பலூன்போல ஆயிற்று. ஆனாலும் அடுத்த இரவு காத்தாடியை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனாள். முனகல் இருந்தது. தண்ணீர் மோட்டார் என்றார் ஏணி. அதையும் நிறுத்தினார்கள். முனகல் இருந்தது. மருந்து அறைக் குளிர்பெட்டி என்றார். அதையும் பிடுங்கிப் போட்டார்கள், டாக்டரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். முனகல் அசையவில்லை.

இப்போது ஏணியின் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. அவர் வெளியே போய்ப் பெரிய பெண்ணை அண்ணாந்து பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றார். அது பல்லை ஒரு பக்கமாக அரைத்துக்கொண்டு, நீளமான இமைகளுக்குக் கீழிருந்து அவரைப் பார்த்தது.

"ஏன்டி, இத்தனை வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார்.

காதுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஆனால் அவள் தொழில் வேறு. வீட்டுக்குப் போய்ப் பதிவை ஒலிபெருக்கியில் போட்டு மறுபடி மறுபடி கேட்டாள். முனகலுக்குக் கொஞ்சம் முன்னால் வேறு ஏதோ இருந்தது. தாழ்ப்பாள் விலகும் சத்தம், அப்புறம் செருப்பு, அப்புறம் ஒரு முக்காலி இழுபடுவது.

"மனுஷன்" என்றாள் கணவனிடம்.

"பேயா இல்லாம இருந்தா சரி" என்று அவன் திரும்பிப் படுத்தான்.

ஏணியிடம் சொன்னதும் அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நம்ம ராத்திரிக் காவல்காரர்! குளிருக்காகக் கொட்டகைக்குள்ள வந்து உக்காருவார்!"

காவல்காரர் வேலை முடிந்து காலையில் வாயிற்கதவோரம் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோது இருவரும் போய்ச் சூழ்ந்துகொண்டார்கள். ஒடிசலான ஆள், காதை மூடிய குல்லாய். அவள் ரெக்கார்டரைப் போட்டுக் காட்டி, "அண்ணே, இது நீங்கதானே?" என்றாள்.

அவர் கேட்டார். மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. குல்லாயைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"நானும் முனகுவேன், ம்மா. இல்லைங்கல. ஆனா முதல்ல நான் இல்ல."

"அப்படின்னா?"

"வேலைக்குச் சேந்த புதுசுல ஒருநாள் உள்ள உக்காந்திருந்தேன். யாரோ ஆம்பளை ஆளு முனகுற மாதிரி கேட்டுச்சு. திருடன்னு நெனச்சுக் கொட்டகை முழுக்கத் தேடினேன். ஒருத்தனும் இல்ல. அதுல பாருங்க, பெரியவ கழுத்தை வளைச்சு, தலையைக் கொண்டுபோய்ப் பின்னங்கால் தொடை மேல வச்சு, சுருண்டு கிடக்கா. நான் செத்துப்போச்சுன்னே நெனச்சு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுட்டேன். தூங்குதுய்யா, கொஞ்ச நேரத்துல எழுந்திரிச்சிடும்னு திட்டிட்டு வச்சிட்டாங்க. அதே மாதிரி எழுந்து நின்னுச்சு. அந்த முனகலும் நின்னுபோச்சு. அப்புறம் அடிக்கடி கேக்கும். தனியா உக்காந்திருக்கிற மனுஷன், ஒருத்தர் குரல் குடுத்தா பதில் குடுக்காம இருக்க முடியுமா? நானும் முனகினேன். அவ்வளவுதான்."

"அப்ப இதுல இருக்கிறது யாரு?"

"அதை நீங்கதானே சொல்லணும்? மெஷின் உங்ககிட்டதானே இருக்கு" என்றார் காவல்காரர்.

அன்று இரவு அவரைக் கொட்டகைப் பக்கமே போகவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். மறுநாள் பதிவில் முனகல் இல்லை. ஆரம்பத்திலிருந்து கடைசிவரை மெல்லுதல், மூச்சு, மணல். அவ்வளவுதான்.

"முடிஞ்சுது கதை" என்றார் ஏணி. அவர் குரலில் நிம்மதி இருந்ததா ஏமாற்றம் இருந்ததா என்று காதால் கண்டுபிடிக்க முடியவில்லை. "அவர்தான். தான் முனகுறதைத் தானே கேட்டுப் பயந்திருக்கார்."

காவல்காரருக்கு அது தைத்துவிட்டது. "நான் என்ன பொய்யா சொல்றேன்? இத்தனை நாள்ல இந்தக் காட்சிசாலையில ஒரு சோளக்கதிரை எடுத்திருப்பேனா? என்னைப் போய்ப் பைத்தியக்காரன் ஆக்குறீங்களே" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர், பாதி வழியில் நின்று, "நான் போகலேன்னா அது ஏன் முனகணும்? யாருக்காக முனகணும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கேள்வி அவளோடு பேருந்தில் ஏறி வீடுவரை வந்தது. அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அவர் இருந்தால் முனகல், இல்லாவிட்டால் இல்லை. அதை வைத்து அவர்தான் முனகினார் என்றும் சொல்லலாம். அவரைப் பார்த்துத்தான் அது முனகுகிறது என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே ரெக்கார்டருக்குள் ஒரே மாதிரிதான் பதியும். முதலாளியோ போனில், "காது, ஒரு பொத்தானுக்கா இவ்வளவு பாடு? கன்னுக்குட்டியைப் போடு, தாயி" என்று கெஞ்சவே ஆரம்பித்துவிட்டார்.

கடைசியாக ஒன்று செய்து பார்ப்போம் என்று காவல்காரர் வீட்டுக்கே போய் அவரைச் சமாதானப்படுத்தி, சட்டைக்குள் தொண்டையை ஒட்டி ஒரு காலர் மைக்கை மாட்டிவிட்டாள். இன்னொரு மைக்கைக் கொட்டகையின் மறுகோடியில், கழுத்து உயரத்துக்கு, ஏணி ஏறிக் கட்டினார். "அண்ணே, நீங்க வழக்கம்போல உக்காருங்க. முனகத் தோணினா முனகுங்க. மறைக்க வேண்டாம்."

காலையில் மூன்று பேரும் தீவன அறையில் கூடினார்கள். டாக்டரம்மாவும் எங்கிருந்தோ மோப்பம் பிடித்து வந்துவிட்டார். காது இரண்டு பதிவுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து ஓட்டினாள். தாழ்ப்பாள், செருப்பு, முக்காலி. காலர் மைக்கில் காவல்காரரின் மூச்சு, நெஞ்சுத் துடிப்பு. பிறகு, மறுகோடி மைக்கில் மட்டும், அந்த முனகல் எழுந்தது. காலர் மைக்கில் மூச்சைத் தவிர ஒன்றுமில்லை.

ஏணி மெல்ல உட்கார்ந்தார்.

முனகல் நீண்டுகொண்டே போய் ஓரிடத்தில் தேய்ந்தது. அப்போது காலர் மைக்கில் காவல்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு பதில் முனகல் கொடுத்தார். மறுகோடி சட்டென்று அடங்கிவிட்டது. அதன்பின் விடியும்வரை எதுவுமில்லை.

"பாத்தீங்களா!" என்று துள்ளி எழுந்த காவல்காரரின் முகம் அடுத்த நிமிடமே வாடியது. "டாக்டரம்மா, அப்ப அது என்னைக் கூப்பிடுதா? இல்ல நான் வாயைத் தெறந்ததும் சும்மா இருடான்னு நிறுத்திக்குதா?"

டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்தார். "குறட்டையா இருக்கலாம். கனவுல உளறுறதா இருக்கலாம். குட்டியைத் தேடுறதா இருக்கலாம். உங்களைக் கூப்பிடுறதாவும் இருக்கலாம். எனக்குத் தெரியாதுங்க."

"நீங்க படிச்சவங்க."

"படிச்சதாலதான் தெரியாதுன்னு சொல்றேன்."

"நான் பதில் குடுக்கிறதா வேண்டாமா, அதையாவது சொல்லுங்க."

டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். காவல்காரர் அன்று சைக்கிளை ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டே போனார்.

காது அந்த முனகலை, அவர் பதில் வருவதற்கு முன்னால் வெட்டி, சுத்தம் செய்து பொத்தானுக்குக் கொடுத்துவிட்டாள். அறிவியல் கூடம் திறந்த முதல் வாரமே புகார் வந்தது, ஒட்டகச்சிவிங்கிப் பொத்தான் வேலை செய்யவில்லை என்று. போய்ப் பார்த்தாள். வேலை செய்தது. ஒலிபெருக்கிதான் சின்னது, அவ்வளவு தாழ்ந்த சுரத்தை அதால் சொல்ல முடியவில்லை. முதலாளியிடம் சண்டை போட்டுப் பெரிய ஒலிபெருக்கி ஒன்றை வாங்கிப் படத்துக்குப் பின்னால் வைத்தாள். "ஊமைக்கு இவ்வளவு பெரிய வாயா?" என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

ஒலிபெருக்கி வைத்த ஞாயிற்றுக்கிழமை காவல்காரர் மனைவியோடு வந்தார். தன்னால்தான் அந்தச் சத்தம் கிடைத்தது என்று வீட்டில் சொல்லியிருப்பார்போல. மனைவி நல்ல புடவை கட்டி, சின்னக் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். காது அவர்களை நேராக அந்தப் படத்தின் முன் கூட்டிப் போய், "அமுக்குங்கக்கா" என்றாள்.

அவள் அமுக்கினாள். முனகல் எழுந்து சுவரெல்லாம் அதிர்ந்தது. அவள் முகம் முதலில் சிவந்தது, பிறகு கணவன் பக்கம் திரும்பியது.

"என்னங்க இது, உங்க குரலைப் போய் இப்படி ஊர் கேக்கப் போட்டிருக்காங்க?"

"அது நான் இல்ல. அது ஒட்டகச்சிவிங்கி."

"யாருகிட்ட சொல்றீங்க? காலையில வந்து படுத்தா சாயங்காலம் வரைக்கும் பக்கத்துல உக்காந்து கேக்குறவ நான். கண்ணை மூடினா இதே முனகல்தான்."

காது குறுக்கே வந்தாள். "எப்பலேருந்துக்கா அவர் தூக்கத்துல முனகுறார்? கல்யாணம் ஆன புதுசுலேருந்தா, இல்ல இந்த வேலைக்கு வந்த பிறகா?"

"இந்த வேலை கிடைச்ச பிறகுதானே எங்கப்பா பொண்ணே குடுத்தாரு" என்றாள் மனைவி. "ரெண்டும் ஒரே மாசம். வேலைக்கு முன்னாலயே முனகினாரான்னு எனக்கெப்படித் தெரியும்?"

"அதுகிட்டேருந்து தொத்தியிருக்கும்" என்றார் காவல்காரர் தயங்கி.

"இல்ல உங்ககிட்டேருந்து அதுக்குத் தொத்தியிருக்கும். நீங்கதான் தினம் போய் உக்காருறீங்க." அவள் மறுபடி பொத்தானை அமுக்கி, தலையைச் சாய்த்து, ஒலிபெருக்கியிடம் காதைக் கொண்டுபோனாள். தூங்குகிற ஒருவரின் நெஞ்சோரம் குனிவதுபோல இருந்தது அது. "நீங்க நடுவுல மூச்சு விடுவீங்க. இது விடாம இழுக்குது" என்றாள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஆனா நீங்கதான்" என்றாள்.

காவல்காரர் பரிதாபமாகக் காதைப் பார்த்தார். இரண்டு மைக்கின் பதிவும் அவளிடம்தான் இருந்தது. சொல்ல வேண்டியதெல்லாம் ஒரு வாக்கியம். காது வாயைத் திறந்தாள். அந்த அக்கா இன்னொரு தடவை அமுக்கிக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நான்கு பிள்ளைகள் தங்கள் முறைக்காகக் காத்து நின்று, பொறுமை போய், யானைப் பக்கம் ஓடின.